பொருள்வயிற் பிரிவு, ஆர்.கே. புரம்

எங்கள் வீட்டில் ஏர் பியூரிஃபையர் ஒன்றுதான். அது மகனின் அறையில் இருக்கிறது. வளர்கிற பிள்ளை, படிக்கிற பிள்ளை, நல்ல காற்று அவனுக்குத்தான் வேண்டும் என்று வாங்கிய அன்றே முடிவாகிவிட்டது. எங்கள் இருவரின் நுரையீரலையும் மத்திய அரசின் சுகாதாரத் திட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 494. அந்த அளவுகோலே 500-இல் முடிந்துவிடும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளைத் தவிர மற்றவர்களுக்கு வீட்டிலிருந்தே பாடம் என்று அறிவித்திருந்தார்கள். மகன் பதினொன்றாம் வகுப்பு. எனக்கு முந்தைய வாரமே இருமல் பிடித்து, விடுப்பில் இருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் எதிர் பிளாக் இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மனைவி ஒரு பாயையும் இரண்டு தலையணைகளையும் தூக்கிக்கொண்டு மகனின் அறைக்குள் போனாள். பின்னாலேயே நானும் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இது என்ன சத்திரமா?" என்றான்.

சத்திரம்தான். ஐந்து நாள் தங்கினோம்.

அந்த அறைக்கும் எனக்கும் நான்கு வருடமாக நடந்துவந்த யுத்தத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2020 ஊரடங்கில் ஏழாம் வகுப்புப் பாடத்துக்கென்று ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தோம். பாடம் ஒரு வருடத்தில் பள்ளிக்கே திரும்பிப் போய்விட்டது. மைன்கிராஃப்ட் தங்கிவிட்டது. எனக்குத் தெரிந்து அது சதுரமான மரம், சதுரமான பன்றி, சதுரமான சூரியன், அவ்வளவுதான். உலகமெங்கும் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு என்று பிறகு படித்தபோது, அத்தனை பேருக்கும் கண் கெட்டுவிட்டதா என்று தோன்றியது. கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறேன். "உன் வயதில் நான்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ஒரு முறை ரவுட்டரின் அடாப்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். மறுநாள் உலை வைக்க அரிசி அளந்த மனைவி அதை எடுத்து, துடைத்து, ஒரு வார்த்தை பேசாமல் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இவ்வளவு போர் நடந்தும் ஒரு நாளாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறான் என்று பார்த்ததில்லை. காற்று கெட்டுப்போனதால் பார்க்க வேண்டியதாயிற்று.

முதல் நாள் எதுவும் புரியவில்லை. குண்டு வெடிக்கும், வாள் சுழலும் என்று எதிர்பார்த்தேன். அவனோ ஒரு நீண்ட கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தான். இருபுறமும் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் பெரிய மூக்குடன் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு கிராமவாசி. ஒவ்வொருவர் முன்னாலும், என் தாத்தா பாராயணத்தின்போது புத்தகத்தை விரித்து வைக்கும் சிக்குப்பலகை மாதிரி ஒன்று. மகன் ஒரு பலகையை உடைத்தான். திரும்ப வைத்தான். கிராமவாசியைப் பார்த்தான். மறுபடி உடைத்தான், மறுபடி வைத்தான். நாற்பது நிமிடம் இதையே செய்தான். நான் எண்ணிப் பார்க்க முயன்று அறுபதில் விட்டுவிட்டேன்.

"என்னடா செய்கிறாய்?"

"மெண்டிங் வரவில்லை, அப்பா."

விளக்கம் கேட்டுப் பெற்றதைச் சுருக்கித் தருகிறேன். வேலையில்லாத கிராமவாசிக்கு முன்னால் அந்தப் பலகையை வைத்தால் அவர் நூலகராகிவிடுவார். நூலகர்கள் மந்திரப் புத்தகங்கள் விற்பார்கள். எந்தப் புத்தகம் என்பது அதிர்ஷ்டம். பிடிக்கவில்லையென்றால், அவரிடம் எதுவும் வாங்குவதற்கு முன் பலகையை உடைத்துத் திரும்ப வைக்கலாம். வேறு புத்தகம் வரும். மகன் தேடுவது 'மெண்டிங்' என்ற புத்தகம். அது ஏறிய கருவி தேய்ந்தாலும், ஆட்டத்தில் சேரும் அனுபவப் புள்ளிகளால் சரியாகிக்கொள்ளும். இல்லாவிட்டால் பல நாள் பாடுபட்டுச் செய்த வைரக் கோடரி ஒரு நாள் கையிலேயே உடைந்துபோகும்.

விலை மரகதக் கல்லில். மரகதம் வேண்டுமானால் நூலகர்களுக்கே காகிதம் விற்க வேண்டும்: 24 தாளுக்கு ஒரு மரகதம். காகிதம் வேண்டுமானால் கரும்பு பயிரிட வேண்டும். கரும்பிலிருந்து காகிதமா என்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் நினைவு வந்துவிட்டது. கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்துதான் காகிதம் செய்கிறது. கும்பகோணத்துக்காரன் நான். கரும்பை மென்று துப்புவதோடு என் அறிவு நின்றிருந்தது. இவன் தில்லியில் பிறந்து, கரும்பைச் சாறு வண்டியில் மட்டும் பார்த்தவன்.

நண்பர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடும் இந்த உலகத்துக்குச் சர்வர் என்று பெயர். அதில் மொத்தம் ஆறு பேர். இரண்டு பேர் இவனுடைய பள்ளி. ஒருவன் சென்னையில் இருக்கும் பெரியம்மா பிள்ளை. அவன் மூலமாக வந்தவன் கோயம்புத்தூர்ப் பையன். நொய்டாவில் ஒரு பெண். ஆறாவது ஆள் மகன். பள்ளி நண்பர்களில் ஒருவன் குடும்பத்தோடு மஸ்கட்டுக்குப் போய்விட்டான், சர்வரை விட்டுப் போகவில்லை. நொய்டாப் பெண் கட்டடங்கள் கட்டுகிறாள். கோயம்புத்தூரான் தானாக ஓடும் இயந்திரங்கள் செய்கிறான் (ஊர் குணம் எங்கே போகும்). மற்றவர்கள் சுரங்கம் வெட்டுகிறார்கள், தொலைதூரம் போய் வருகிறார்கள். மகனுக்கு வாய்த்தது இந்த நூலகர் கொட்டகை. யாரும் நியமன உத்தரவு கொடுக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் செய்ய வேண்டியிருந்தது, இவன் செய்தான், இவன் வேலை ஆகிவிட்டது. அரசு அலுவலகங்களிலும் இப்படித்தான் ஆகும்.

இரண்டாம் நாள் மேஜையில் ஒரு நோட்டைப் பார்த்தேன். கோடு போட்டு, பத்தி பிரித்து எழுதியிருந்தான். வரிசை எண், இடம், எந்தப் புத்தகம், விலை, கடைசியாக எப்போது சரக்கு நிரம்பியது, குறிப்பு. தன் துணிகளை மடித்து அலமாரியில் வைக்கத் தெரியாத பிள்ளை. இரண்டு காலுறையும் ஒரே நிறத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. அவன் ரிஜிஸ்டர் போட்டிருக்கிறான்! 22 வருடமாக ஓர் அமைச்சகத்தில் ரிஜிஸ்டர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இதில் குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அடித்தல் திருத்தல் இருந்த இடங்களில் தேதியும் போட்டிருந்தான்.

மனைவி பாயில் படுத்தபடியே சொன்னாள்: "நீங்கள் அங்கே செய்வதை அவன் இங்கே செய்கிறான். சம்பளம்தான் இல்லை."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. இருமலும் ஒரு காரணம்.

கிளார்க் வேலை உலகத்திலேயே சலிப்பான வேலை என்பது என் அனுபவ முடிவு. பச்சை நோட் தாளில் மேலே அனுப்புவதும், "பேசவும்" என்று ஒரு சொல்லோடு அது திரும்பி வருவதும், வருடத்தில் பாதி நாள் இன்னார் பார்வைக்காக இன்னார் பார்வைக்காக என்று எழுதுவதும். இப்போது தாள் போய்த் திரை வந்துவிட்டது. சலிப்பு இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை. அதே வேலையை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, ஒருவரும் சொல்லாமல், திட்டு வாங்கிக்கொண்டு, தூக்கம் விட்டுச் செய்கிறான் என்றால் அவனுக்கு அதில் என்ன வைத்திருக்கிறது?

"இதில் உனக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்டேன். மூன்றாம் நாள்.

"எனக்கா? எனக்கு எல்லாம் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டும்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 'பொருள்' என்ற ஒரே சொல்லை வைத்து மூன்று காரியம் பார்க்கிறோம். கையில் பிடிக்கிற வஸ்துவும் பொருள், சம்பாதிக்கிற செல்வமும் பொருள், சொல்லுக்குள் இருக்கும் அர்த்தமும் பொருள். பள்ளியில் அகத்திணை படித்தபோது பொருள்வயிற் பிரிவு என்று ஒன்று வரும். தலைவன் பொருள் தேடப் பாலை நிலம் கடந்து போவான். வேம்பு காய்ந்திருக்கும், வழிப்பறிக் கள்வர் இருப்பார்கள், தலைவி வளையல் கழன்று மெலிந்துபோவாள். தில்லித் தமிழர்கள் எல்லோருமே இந்தத் துறையைச் சேர்ந்தவர்கள்தான். அந்தக் காலத்தில் கரோல் பாகில் அறை பிடித்துத் தங்கிய டைப்பிஸ்டுகளிலிருந்து, 2002-இல் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய நான் வரைக்கும், பிரிந்து வந்தது பொருள்வயின். செல்வம் என்ற பொருள் ஓரளவு கிடைத்தது. மூன்றாவது பொருளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகன் பிரிந்து போனது பத்தடி தூரம். கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பாலை நிலம் வந்துவிடும். வாசலில் நின்று புலம்புகிற தலைவி வேஷம் எனக்கு.

என் 22 வருடத்தில் ஒரு கோப்பு மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது. 2009. ஓய்வுபெற்று இறந்த ஒருவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். பெயரில் ஓர் எழுத்து மாறி ஏழு மாதமாக நின்றுபோயிருந்தது. அந்த அம்மாள் மாயவரத்திலிருந்து தமிழில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். எங்கள் பிரிவில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன், அதனால் என் மேஜைக்கு வந்தது. மூன்று மாடி ஏறி இறங்கி, நான்கு பேரிடம் கையெழுத்து வாங்கி முடித்தேன். அந்த இரண்டு வாரமும் காலையில் அலுவலகத்துக்கு ஓடினேன் என்று மனைவி இப்போதும் சொல்வாள். அந்த வேலையும் நோட் தாள், டைரி எண், இணைப்பு என்று மற்ற வேலைகளைப் போலத்தான் இருந்தது. மறுமுனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மற்ற கோப்புகளின் மறுமுனையிலும் யாராவது காத்திருந்திருப்பார்கள். எனக்குத் தெரியவில்லை.

இப்போது மகனின் பகல் பொழுதைப் பாருங்கள். பள்ளி முடிந்ததும் காலு சராய் பக்கம் ஒரு பயிற்சி நிறுவனத்துக்குப் போகிறான். ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு. வாரம் ஒரு தேர்வு. ஞாயிறு இரவு என் கைப்பேசிக்குத் தரவரிசை வரும். 412. அடுத்த வாரம் 388. அதற்கடுத்த வாரம் 431. நான் 388-க்குப் பாயசம் வைக்கச் சொல்லியிருக்கிறேன், 431-க்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் அங்கே படிக்கிற ஒவ்வொன்றுக்கும் பயன் இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு வருடத்தின் பயன் நான்கு வருடம் கழித்து. அதன் பயன் வேலை, வேலையின் பயன் வீடு. "இப்போது கஷ்டப்படு, அப்புறம் நன்றாக இருக்கலாம்" என்று நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன். அந்த 'அப்புறம்' எனக்கு எப்போது வந்தது என்று அவன் ஒரு முறை கேட்டான். வாயை மூடு என்றேன்.

2024 செப்டம்பரில் அவனுக்கு டெங்கு. பத்து நாள் படுக்கை. தினமும் மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பயிற்சி நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வரும்: தங்கள் பிள்ளை இன்று வருகை தரவில்லை. வாசலில் இருக்கும் கைரேகைக் கருவி அனுப்புவது. உடல்நிலை சரியில்லை என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். கருவிக்கு அது தெரியவில்லை. பத்து நாளும் அதே வாசகம், அதே நான்கு பத்து.

மூன்றாம் நாள் இரவு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கோயம்புத்தூர்ப் பேச்சு. "அங்கிள், அவனுக்குப் பிளேட்லெட் எவ்வளவு?" என்றது ஒரு சிறுவன் குரல். நீ யார் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் "நாற்பத்தெட்டாயிரம்" என்றேன். "நேற்று எவ்வளவு?" சொன்னேன். "பரவாயில்லை அங்கிள், இறங்கித்தான் ஏறும். என் அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு வைத்தான். குணமாகும் வரை தினமும் கேட்டான்.

இந்தக் கதையின் மிச்சம் எனக்கு நவம்பரில்தான் தெரிந்தது. இவன் படுத்திருந்த நாட்களில் கொட்டகையை மற்ற ஐந்து பேரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் இரவு யாரோ கதவைச் சாத்த மறந்து, பிணப் பூதங்கள் உள்ளே புகுந்து, நான்கு நூலகர்களைக் கடித்துப் பூதமாக்கிவிட்டன. இவனிடம் சொல்லவேயில்லை. எழுந்து உட்கார்ந்த பிறகு சொன்னார்கள். பூதமானவரைத் திரும்ப மனிதராக்கலாமாம்: பலவீனப்படுத்தும் மருந்தை மேலே வீசி, ஒரு தங்க ஆப்பிளை ஊட்டிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் நடுங்கி நடுங்கிக் குணமாவார். குணமானவர் நன்றிக்கடனாக விலையைக் குறைத்து விற்பார், சில நேரம் ஒரே மரகதத்துக்கு. இந்த வீட்டில் நான் பப்பாளி இலையை அரைத்துச் சாறு பிழிந்து இவன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஐந்து பேர் தங்க ஆப்பிளுக்காகத் தங்கம் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பப்பாளிச் சாறு வேலை செய்யும் என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவில்லை. தங்க ஆப்பிள் நிச்சயமாக வேலை செய்கிறது.

விடுப்பில் இருந்த மனிதன், கையில் கைப்பேசி. இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாசகம் எனக்குப் பழக்கமான நடையில் இருந்தது: விளையாட்டின் மேல் கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு முதலிடம் தருதல், கேடு வந்தும் தொடர்தல், இவை பொதுவாகக் குறைந்தது 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். கோப்பு போல மூன்று தலைப்பும் எழுதி எதிரே மகனை நிறுத்தினேன். முதல் இரண்டிலும் "ஓரளவு". மூன்றாவதில் கை நின்றது. கேடு என்று எழுத 431-ஐத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. ஆர்.கே. புரத்திலிருந்து எய்ம்ஸ் கூப்பிடு தூரம். இதற்கென்று அங்கே தனிச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014-லேயே தொடங்கிவிட்டார்கள். தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், போகத்தான் வேண்டும். என் பிள்ளை அந்த வரிசையில் இல்லை என்று அன்று முடிவு செய்தேன். தகப்பன் செய்த முடிவு, அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

இன்னொரு பக்கம் உளவியலாளர்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்று இரண்டு பேர் மனிதனுக்கு மூன்று தேவை என்றார்கள்: தானாகத் தீர்மானிப்பது, ஒரு காரியம் கைவருவது, பிறரோடு ஒட்டியிருப்பது. ரயனும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் 2006-இல் இதை வீடியோ கேம்களில் பொருத்திப் பார்த்தார்கள். இந்த மூன்றும் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்கு விளையாட்டு பிடித்துப்போகிறது. படித்ததும் என் அலுவலகத்தை நினைத்துக்கொண்டேன். பிறகு காலு சராயை. இரண்டிலும் மூன்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

இதற்காக விளையாட்டுக்குக் கோயில் கட்ட நான் தயாராக இல்லை.

சென்னையில் என் அக்கா பிள்ளை ஒருவன் இருக்கிறான். இவனைவிட ஐந்து வயது பெரியவன். பப்ஜி ஆடியவன். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் சாவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தான். குடும்பமே சிரித்தது. அவனுடைய குழுவில் இருந்த மூன்று பேரின் உண்மைப் பெயர்கூட அவனுக்குத் தெரியாது, தொலைபேசி எண்ணும் இல்லை. செயலி போனதோடு ஆட்களும் போனார்கள். அதைத்தான் அழுதான் என்று இப்போது புரிகிறது. ஆனால் அவன் விளையாட்டில் பருவம் என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பருவம் முடியும், ஏறிய படிகளிலிருந்து இறக்கிவிடுவார்கள், மறுபடி ஏற வேண்டும். அந்தந்தப் பருவத்துச் சட்டையும் தொப்பியும் காசு கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும்.

எங்கள் ஊரில் வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்கப் பரமபதம் ஆடுவோம். ஏணிக்குப் புண்ணியம், பாம்புக்குப் பாவம், உச்சியில் வைகுண்டம். உச்சிக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய பாம்பு இருக்கும். பாட்டி அதில் கடிபட்டுக் கீழே வரும்போது "போன ஜன்மத்துப் பாக்கி" என்று சொல்லிச் சிரிப்பாள். ஆனால் விடிந்தால் அட்டையைச் சுருட்டி வைத்துவிடுவோம். பருவம் முடிகிற இடத்தில் இருக்கும் பாம்பை நிறுவனமே வளர்க்கிறது, அட்டையைச் சுருட்ட விடாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அதற்கு முதலில் அவர்கள் ஆடுவது எது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் "அந்தக் கேம்" என்று ஒரே சொல்லில் அடைத்தால் அவர்கள் காது கொடுக்க மாட்டார்கள், கொடுக்க வேண்டியதும் இல்லை.

காசு வைத்து ஆடுவதும் இதே சொல்லுக்குள் வந்துவிடுகிறது என்பதுதான் கொடுமை. என் சக ஊழியர் ஒருவரின் மகன் சீட்டாட்டச் செயலியில் அப்பாவின் சேமநிதி முன்பணத்தைக் கரைத்தான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் வந்தபோது அவர் பிரிவு முழுக்க லட்டு கொடுத்தார். போட்டி விளையாட்டாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸை அதே சட்டம் அங்கீகரிக்கிறது என்று சொன்னேன். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நானும் ஆடியவன்தான். தொண்ணூறுகளில் கும்பகோணத்தில் ஒரு கடையில் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கான்ட்ரா என்ற வீடியோ கேம் ஆட விடுவார்கள். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம், பிறகு பி, ஏ. இந்த வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். ஆதித்ய ஹிருதயம் பாதி மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. முப்பது உயிரும் தீர்ந்தபின் வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கூசும், ஒரு பொருளும் கையில் இருக்காது. அந்த நினைவை வைத்துக்கொண்டுதான் நான்கு வருடமாக மகனோடு சண்டை போட்டிருக்கிறேன். என் விளையாட்டில் யாரும் என்னிடம் பிளேட்லெட் கேட்கவில்லை.

நான்காம் நாள் கொட்டகையின் கடைசி அறையில் பச்சை அங்கி போட்ட ஒருவரைக் கவனித்தேன். முன்னால் பலகை இல்லை.

"இவர் என்ன விற்கிறார்?"

"ஒன்றும் இல்லை. பச்சை அங்கி போட்டவர்களுக்கு எந்த வேலையும் வராது, அப்பா. பலகை வைத்தாலும் நூலகர் ஆக மாட்டார்." விளையாட்டு அவருக்கு வைத்திருக்கும் பெயரை மண்டு என்று மொழிபெயர்க்கலாம்.

"பிறகு எதற்கு அறை?"

"சும்மா இருக்கிறார்."

நூலகர்கள் பகலில் வேலை பார்ப்பார்களாம். அடைத்து வைக்காவிட்டால் பிற்பகலில் ஊர் மணியடியில் கூடிப் பேசுவார்களாம், இருட்டினால் படுப்பார்களாம். குளிர்காலத்தில் மத்தியச் செயலகத்துப் புல்வெளியில், உணவு இடைவேளை முடிந்த பிறகும் வேர்க்கடலை உரித்துக்கொண்டு வெயில் காயும் என் இனத்தாரைப் பார்ப்பது போலிருந்தது. பச்சை அங்கிக்காரர் அதுகூடச் செய்யாமல் கைகட்டி நின்றார். சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எங்கள் ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திரில் கிருத்திகைக்குக் கிருத்திகை உபந்நியாசம் கேட்டிருக்கிறேன். இவருக்கு அது பிறவியிலேயே கைகூடியிருந்தது.

சனிக்கிழமை காற்று திங்கட்கிழமையைவிடக் கொஞ்சம் தேவலை. பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் அறைக்குத் திரும்பினோம். அடாப்டருக்கு அதன் பிறகு நான் கை வைக்கவில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் போட்டோம். அவன் அதை மீறுவான், நான் கதவைத் தட்டுவேன். தரவரிசை 400-ஐச் சுற்றியே இன்னும் இருந்தது. ஞாயிறு இரவு அந்தச் செய்தி வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கப் பழகிக்கொண்டேன்.

2025 மார்ச் கடைசியில் ஒரு நாள் மகன் என் அறைக்கு வந்தான். தானாக வந்தான். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குகிறது, கோயம்புத்தூரானும் நொய்டாப் பெண்ணும் சர்வரிலிருந்து விலகுகிறார்கள், தானும் ஒரு வருடம் வரப்போவதில்லை என்றான். நான் வற்புறுத்தவில்லை. ஆறு பேரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். மஸ்கட் பையனின் தம்பி, பதிமூன்று வயது, கொட்டகையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறான்.

"அப்பா, உங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவரிடம் எப்படி ஒப்படைப்பார்கள்?"

22 வருடத்தில் என் வேலையைப் பற்றி இந்த வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. சொன்னேன். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. இருப்பு எல்லாம் வரிசை எண்ணோடு எழுத வேண்டும். நிலுவை தனியாக. சாவிகள் தனியாக. கடைசியில் ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர், இரண்டு கையெழுத்து, தேதி. எதையும் "மற்றவை" என்று எழுதாதே, பின்னால் தகராறு வரும்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினான். நான் திருத்தியது ஓரிடம்தான். கரும்புத் தோட்டத்தின் அளவை எழுத மறந்திருந்தான். 22 நூலகர்கள், புத்தகம், விலை, யார் யார் ஒரு முறை பூதமாகிக் குணமானவர்கள் என்ற விவரத்தோடு. 23-ஆவது வரிசை: புத்தகம், இல்லை. விலை, இல்லை. குறிப்பு: வேலை கிடையாது. இரவில் கதவைச் சாத்தவும்.

அன்று மாலை ஒலிபெருக்கியில் போட்டு ஒப்படைத்தான். நான் கதவோரம் நின்றேன். மஸ்கட்டிலிருந்து அந்தப் பையன் ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தான். 23-இல் நின்றான்.

"அண்ணா, இவரை எதற்கு வைத்திருக்கிறோம்?"

மகன் கொஞ்சம் யோசித்தான்.

"அவர் 2020-இலிருந்து இருக்கிறார்" என்றான்.

"சரி அண்ணா."